வட்டம் இல்லாத படர்தாமரை, வலிக்காத தேமல்: தோல் கேள்வி–பதில்

இந்த மாதக் கடிதங்களில் பல, ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன. "நெட்டில் பார்த்த படம் மாதிரி எனக்கு இல்லையே, அப்புறம் எப்படி டாக்டர் அதே நோய்தான் என்கிறார்?" நியாயமான கேள்வி. தோல் நோய்கள் பெரும்பாலும் புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரியேதான் வரும், அவை சீக்கிரம் பிடிபட்டுவிடும். மாறுவேடத்தில் வருகிறவைதான் மாதக்கணக்கில் அலைய வைக்கும். போதாக்குறைக்கு இணையத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. அங்கே "சிவந்த தடிப்பு" என்று எழுதியிருப்பது நம் நிறத்தில் ஊதாவாகவோ, பழுப்பாகவோ, சில சமயம் கன்னங்கறுப்பாகவோதான் தெரியும். அதனால் இந்த முறை அப்படிப்பட்ட கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், வயது 26. இடுப்பிலும் தொடை இடுக்கிலும் எட்டு மாதமாக அரிப்பு. முதலில் வட்டமாக இருந்தது. மெடிக்கலில் சொல்லி ஒரு ட்யூப் வாங்கிப் போட்டேன், மூன்றே நாளில் அடங்கியது. நிறுத்தினால் திரும்ப வந்துவிடுகிறது. இப்போது வட்டமே இல்லை, பெரிய கறுப்புத் திட்டாகப் பரவிவிட்டது, தொடையில் கோடு கோடாக விழுந்திருக்கிறது. டாக்டர் இதுவும் படர்தாமரைதான் என்கிறார். நம்பலாமா மேடம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: நம்பலாம் தம்பி. அந்த வட்டத்தை அழித்தது நீங்கள் போட்ட ட்யூப்தான்.

படர்தாமரைக்கு அந்த வட்டம் எப்படி வருகிறது என்று பார்த்தால் இது புரிந்துவிடும். பூஞ்சை தோலின் மேல் அடுக்கைத் தின்றுகொண்டே வெளிப்பக்கமாக நகரும். உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடுவது அந்த விளிம்பில், அதனால் ஓரம் தடித்து, செதில் உதிர்ந்து, அரித்து, நடுவில் ஆறிப்போனது போலத் தெரியும். மெடிக்கலில் எழுதாமலே கொடுக்கும் இந்தக் கலவை க்ரீம்களில் பூஞ்சை மருந்தோடு கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி வீரியமான ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு என்ன செய்கிறது என்றால் சண்டையை நிறுத்திவிடுகிறது, பூஞ்சையை அல்ல. சிவப்பு போய்விடும், அரிப்பு போய்விடும், உங்களுக்கு மூன்று நாளில் நிம்மதி, பூஞ்சைக்கோ எதிர்ப்பே இல்லாத திறந்த வெளி. நிறுத்தியதும் இரண்டு மடங்காகக் கிளம்பும். இப்படி உருவம் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் படர்தாமரையை 1968-லேயே பிரிட்டனில் ஐவ், மார்க்ஸ் என்ற மருத்துவர்கள் விவரித்து, 'டினியா இன்காக்னிட்டோ' என்று பேர் வைத்தார்கள். அன்று அது அபூர்வம். இன்று நம் ஊர் தோல் ஓ.பி.யில் இது இல்லாத நாளே கிடையாது.

உங்கள் டாக்டர் எதை வைத்துச் சொன்னார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஒன்றும் ரகசியம் இல்லை. திட்டின் ஓரத்தில் பிளேடின் மழுங்கிய பக்கத்தால் லேசாகச் சுரண்டுவோம், அந்தப் பொடி கண்ணாடிச் சில்லில் விழும், அதன்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பத்து சதவீதக் கரைசல் ஒரு சொட்டு. கால் மணி நேரம் போல வைத்தால் தோல் செல்கள் கரைந்து தெளிந்துவிடும், பூஞ்சை மட்டும் கரையாது. மைக்ரோஸ்கோப்பில் கிளை பிரிந்து, இடையிடையே தடுப்பு விழுந்த நீளமான இழைகளாக அது ஓடுவதைப் பார்க்கலாம். ஸ்டீராய்டு போட்ட தோலில் வழக்கத்தைவிட மொய்த்துக் கிடக்கும். செலவு மிகக் குறைவான பரிசோதனை, இதைச் செய்யாமல் மாத்திரையை மாற்றி மாற்றி எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து வருடமாக இந்தியாவில் படர்தாமரையின் குணமே மாறிவிட்டது. வழக்கமான டெர்பினஃபின் மாத்திரைக்குப் பலருக்குக் கேட்பதில்லை, ஏனென்றால் அந்த மருந்து தாக்க வேண்டிய என்சைமையே மாற்றிக்கொண்ட ஒரு வகை பூஞ்சை பரவியிருக்கிறது. 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைத் தனி இனமாகப் பிரித்து ட்ரைகோபைட்டான் இண்டோட்டினே என்று பெயரிட்டார்கள், நம் நாட்டின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இது வந்ததை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் வெளியிட்டது. அதில் ஒருவர் அண்மையில் வெளிநாட்டுக்கே போகாதவர். ஸ்டீராய்டு கலவை க்ரீம்களின் தாராளமான விற்பனை இந்த நிலைமைக்கு ஒரு முக்கியக் காரணம் என்று நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். 2018-ல் பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு கொண்டுவந்தது. கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள், இன்றும் கையில் கொடுத்துவிடுவார்கள், அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி என்ன செய்வது? ட்யூபைத் தூக்கிப் போடுங்கள். ஒன்றிரண்டு வாரம் அரிப்பு கூடும், அதைக் கண்டு பயந்து திரும்ப எடுத்துவிடாதீர்கள், அரிப்புக்கு மாத்திரை இருக்கிறது. இட்ராகொனசோல் மாதிரி மாத்திரையை டாக்டர் எத்தனை வாரம் சொல்கிறாரோ அத்தனை வாரமும், தோல் தெளிந்த பிறகும் சாப்பிட வேண்டியிருக்கும். அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், அதன் அடியில் பூஞ்சை குடித்தனம் நடத்தும். டைட் ஜீன்ஸ் வேண்டாம், துண்டு தனி, துணியை நல்ல வெயிலில் காய வையுங்கள். வீட்டில், ரூமில் யாருக்கு அரிப்பு இருந்தாலும் அவர்களும் சேர்ந்து வைத்தியம் எடுக்கவில்லை என்றால் உங்கள் மாத்திரை வீண். தொடையில் விழுந்த கோடுகள் காலப்போக்கில் நிறம் மங்கும், முழுசாகப் போகாது.

கேள்வி: என் கணவருக்கு 41 வயது, டீக்கடை வைத்திருக்கிறார். முன்கையில் ஒரு ரூபாய் அளவில் இருந்த வெளிறிய தேமல் ஒரு வருடத்தில் உள்ளங்கை அளவு ஆகிவிட்டது. அரிப்பு, வலி எதுவும் இல்லை என்பதால் அவர் கண்டுகொள்வதே இல்லை. போன வாரம் அந்த இடத்தில் பால் கொட்டிக் கொப்புளம் வந்திருக்கிறது, அது அவருக்குத் தெரியவே இல்லை. தேமல் மருந்து எது நல்லது டாக்டர்?
– வாசகி, நாமக்கல்

பதில்: மருந்து கடையில் கேட்க வேண்டாம் அம்மா. இந்த வாரமே அவரைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கோ கூட்டிப்போங்கள். சுடுபால் கொட்டியது தெரியவில்லை என்ற ஒரு வரி போதும், தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும்.

பயப்பட வேண்டாம் என்று சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. வெளிறிய திட்டு எல்லாம் தொழுநோய் கிடையாது. குழந்தைகளின் கன்னத்தில் வருவது பெரும்பாலும் வறட்சித் தேமல். மார்பு, முதுகில் வந்து, நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்வது பூஞ்சைத் தேமல். பால் வெள்ளையாக வெளுப்பது வெண்புள்ளி, தொழுநோய்த் திட்டு அந்த அளவுக்கு வெளுக்கவே வெளுக்காது. பரிசோதனையும் எளிது: கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அதன் நுனியால் திட்டின் மேலும் பக்கத்துத் தோலிலும் மாற்றி மாற்றித் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வார்கள். அப்புறம் முழங்கையின் உள்பக்க எலும்பை ஒட்டி ஓடும் நரம்பைத் தடவிப் பார்ப்பார்கள், தடித்துப்போயிருக்கிறதா என்று.

ஆனால் இந்த நோய் எல்லாருக்கும் இப்படிப் பாடம் மாதிரி வந்து நிற்பதில்லை. முகத்தில் வரும் திட்டில் உணர்ச்சி நன்றாகவே இருக்கலாம். சிலருக்குத் திட்டே இருக்காது, முகம் பளபளவென்று மினுங்கும், காது மடல் தடிக்கும், புருவ முடி ஓரத்திலிருந்து உதிரும், பார்க்கிறவர்கள் "உடம்பு தேறிட்டீங்க" என்பார்கள். இன்னும் சிலருக்குத் தோலில் ஒன்றுமே இல்லாமல் நரம்பை மட்டும் பிடிக்கும். சுண்டு விரல் மடங்கத் தொடங்கும்போது எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் எங்களிடம் வருவார்கள். இந்த வகை இந்தியாவிலிருந்துதான் அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. கிருமி உடம்பில் நுழைந்து நோய் தெரிவதற்குச் சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகும் என்பதால் யாரிடமிருந்து வந்தது என்று தேடிப் பழி போடுவதில் அர்த்தமே இல்லை.

இந்தியாவில் தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2005 டிசம்பரில் அரசு அறிவித்தது, பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே வந்துவிட்டது என்பதைத்தான். உலகில் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் நம் நாட்டில்தான் இருக்கிறார்கள். வேலூர் பக்கம் கரிகிரியிலும் செங்கல்பட்டிலும் இதற்கென்றே பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்ற தமிழ்நாட்டிலேயே பலருக்கு இது தெரியவில்லை.

கூட்டு மருந்து இலவசம், அட்டையில் மாதக் கணக்காகப் பிரித்துக் கொடுப்பார்கள், நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். மாதத்தில் ஒரு நாள் ரிஃபாம்பிசின் சாப்பிட்டதும் சிறுநீர் சிவப்பாகப் போகும், குளோஃபசிமின் தோலைக் கறுக்க வைக்கும். இரண்டுமே மருந்தின் நிறம்தான், நிறுத்திய பிறகு தோல் மெல்லத் தெளியும். இதைப் பார்த்துப் பயந்து பாதியில் விட்டவர்கள் நிறைய. நடுவில் திட்டு திடீரென்று சிவந்து வீங்கினாலோ, கை நரம்பு வலித்தாலோ மறுநாள் என்று தள்ளாமல் அன்றே போக வேண்டும், நரம்பைக் காப்பாற்ற அந்தச் சில நாட்கள்தான் இருக்கின்றன. நீங்களும் பிள்ளைகளும் தோலைக் காட்டிக்கொள்ளுங்கள். கூடவே இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தால் முதல் இரண்டு வருடத்தில் நோய் வருவது 57 சதவீதம் குறைகிறது என்று வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில், 2008-ல் வெளியானது, தெரியவந்தது. அதையும் கேட்டுப் பாருங்கள். சொந்தக்காரர்கள் ஏதாவது பேசினால் இதையும் சொல்லிவிடுங்கள்: தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் பிரிவைச் சட்டத்திலிருந்தே 2019-ல் நீக்கிவிட்டார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. இடது பக்க மார்பில் எரிகிற மாதிரி வலி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ஈ.சி.ஜி. நார்மல், கேஸ் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் கொப்புளம். அக்கி என்று குயவர் வீட்டில் காவி எழுதிக்கொண்டோம். கொப்புளம் ஆறி இரண்டு மாதம் ஆகியும் புடவை பட்டாலே துடிக்கிறார்.
– வாசகர், மானாமதுரை

பதில்: வலி முதலில், கொப்புளம் பிறகு என்பது அக்கியில் சகஜம்தான், அந்த இடைப்பட்ட நாட்களில் எந்த டாக்டரும் தடுமாறலாம். சிலருக்குக் கொப்புளமே வராமல் வலி மட்டும் வந்து போவதும் உண்டு. சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பு முடிச்சில் பல வருடம் தூங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி தளரும்போது அதே நரம்பு வழியாக இறங்குவதுதான் அக்கி. இதை அழகாக எடுத்துக்காட்டியவர் பெரிய ஆராய்ச்சிக்கூடத்து ஆள் அல்ல, இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சின்ன ஊரின் டாக்டர் ஹோப்-சிம்ப்சன். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை வருடக்கணக்காகக் குறித்து வைத்து 1965-ல் எழுதினார்.

காவி எழுதுவதில் எனக்குள்ள வருத்தம், அதில் போய்விடும் நாட்கள்தான். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் மாதிரி மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன். அதன் மேல் மண் பூசிவிட்டால் சீழ் பிடித்தாலும் தெரியாது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்கே ஆபத்து, நேராகக் கண் டாக்டரிடம் போக வேண்டும். வயது குறைந்தவருக்கு உடம்பில் பல இடங்களில் பரவலாக வந்தால் எச்.ஐ.வி., சர்க்கரை எல்லாம் பார்த்துவிடுவோம். அம்மாவுக்கு இப்போது இருப்பது அக்கிக்குப் பின் வரும் நரம்பு வலி; சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது, கபாபென்டின், அமிட்ரிப்டிலின் என்று தனி மருந்துகள் இருக்கின்றன, அவருடைய வயதுக்கும் சிறுநீரகத்துக்கும் தகுந்தபடி அளவு பார்த்துத் தருவார்கள். "கற்பனை வலி" என்று வீட்டில் யாரும் சொல்ல விடாதீர்கள்.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாருக்குக் கை, முழங்கை எல்லாம் சாம்பல் நிறத்தில் பொருக்கு கட்டியிருக்கிறது. சொரியாசிஸ் என்று களிம்பு போடுகிறோம். அவருக்கு அரிப்பே இல்லை, ஆனால் பார்த்துக்கொள்ளும் எனக்கும் வேலைக்கார அம்மாவுக்கும் ராத்திரியெல்லாம் அரிக்கிறது. சொரியாசிஸ் தொற்றுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: தொற்றாது. அதனால்தான் இது சொரியாசிஸாக இருக்காது என்று சந்தேகப்படுகிறேன். இது பொருக்குச் சிரங்காக இருக்கலாம், தோலில் குடியேறும் நுண்ணிய பூச்சியால் வரும் சிரங்கில் ஒரு வகை, 1848-ல் நார்வேயில் தொழுநோயாளிகளிடம் முதலில் விவரிக்கப்பட்டது. சாதாரணச் சிரங்கில் உடம்பு முழுக்கத் தேடினாலும் பூச்சிகள் கொஞ்சம்தான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஷெஃபீல்டில் மெல்லன்பி என்ற பூச்சியியல் ஆய்வாளர் நூற்றுக்கணக்கான ராணுவ வீரர்களிடம் எண்ணிப் பார்த்துச் சராசரி 11 என்றார். போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் அவருக்குத் தாங்களாகவே முன்வந்து உடம்பைக் கொடுத்தார்கள். முதல் முறை தொற்றினால் அரிப்பு தொடங்க ஒரு மாதம் ஆகும் என்று நமக்குத் தெரிந்ததே அவர்கள் சொரிந்துகொண்டு கிடந்ததால்தான். பொருக்குச் சிரங்கில் அந்தப் பதினொன்று ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் பெருகிவிடும். முதுமையும் ஸ்டீராய்டு களிம்பும் உடம்பின் எதிர்ப்பை அமுக்கிவிட்டதால் அவருக்கு அரிப்பதில்லை.

களிம்பை நிறுத்திவிட்டுப் பொருக்கைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள், பூச்சி நடப்பது தெரியும். அவருக்கு ஐவர்மெக்டின் மாத்திரையும் பெர்மெத்ரின் களிம்பும் பல முறை தேவைப்படும். வீட்டில் எல்லாரும், வேலைக்கார அம்மாவும் அவர் குடும்பமும், ஒரே நாளில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் போட வேண்டும். அந்த அம்மாவின் மருந்துச் செலவு உங்களுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: என் தோல் நோய் வித்தியாசமாக இருக்கிறது, போட்டோ எடுத்து ஜர்னலில் எழுதலாமா என்று மெடிக்கல் காலேஜில் கேட்கிறார்கள். ஒரே ஒரு ஆளைப் பற்றி எழுதி என்ன பிரயோஜனம்? மறுத்தால் சரியாகப் பார்ப்பார்களா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, மறுத்தால் சிகிச்சையில் ஒரு துளியும் மாறக் கூடாது, அதுதான் விதி. சம்மதித்தால் தமிழில் எழுதிய படிவத்தைப் படித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுங்கள். படம் எங்கே வரும், இணையத்தில் வருமா, முகம் தெரியுமா என்று கேளுங்கள். கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்தால் போதாது, தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், பச்சை குத்தியிருந்தாலும் அப்படித்தான். மருந்துச் சோதனையில் சேரச் சொன்னால் அது வேறு விஷயம்: நெறிமுறைக் குழு அனுமதி, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண், பாதிப்பு வந்தால் இழப்பீடு, இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு ஆளைப் பற்றி எழுதி என்ன ஆகும் என்று கேட்டீர்கள். பிரான்ஸில் போர்டோவில் ஒரு குழந்தைக்கு மூக்கில் பெரிய ஹீமாஞ்சியோமா, அதாவது ரத்தக்குழாய்கள் சேர்ந்து வளரும் சிவப்புக் கட்டி. அதற்குக் கொடுத்த ஸ்டீராய்டு இதயத்தைப் பாதித்தது, இதயத்துக்காக ப்ரோப்ரனோலால் தொடங்கினார்கள். மறுநாள் பார்த்தால் கட்டியின் சிவப்பு ஊதாவாக மாறித் தொட்டால் மிருதுவாகியிருக்கிறது. "தற்செயல்" என்று விட்டிருக்கலாம், விடவில்லை, மற்றக் குழந்தைகளிடமும் பார்த்து 2008-ல் எழுதினார்கள். 2015-ல் 460 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், முழு அளவில் ஆறு மாதம் ப்ரோப்ரனோலால் சாப்பிட்டவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கட்டி முழுசாகவோ கிட்டத்தட்ட முழுசாகவோ மறைந்தது, வெறும் சிரப் சாப்பிட்டவர்களில் 4 சதவீதம்தான். இன்று உலகம் முழுக்க இதுதான் முதல் மருந்து. அதே மாதிரி 1981-ல், அமெரிக்காவில் பெரும்பாலும் வயதானவர்களுக்கே வந்த கபோசி சார்கோமா என்ற ஊதாநிறத் தோல் புற்றை நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் இளம் ஆண்களிடம் கண்டு 26 பேரைப் பற்றி எழுதினார்கள். எய்ட்ஸ் என்ற நோய் உலகத்துக்குத் தெரியவந்தது இப்படிப்பட்ட குறிப்புகளால்தான். உங்கள் தோலைப் பார்த்து வேறெங்கோ ஒரு டாக்டர் சரியான பரிசோதனையை எழுதுவார், அதுவும் நம் நிறத் தோலின் படங்கள் இத்தனை குறைவாக இருக்கும் நிலையில். முடிவு உங்களுடையது.

கேள்வி: உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி, இரண்டு வருடத்தில் பெரிதாகியிருக்கிறது. வலி இல்லை. மச்சம்தானே?
– வாசகர், காரைக்கால்

பதில்: பெரியவர்களுக்கு உள்ளங்காலில் புதிதாக வந்து வளரும் கறுப்பை மச்சம் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்று வருவது மிகக் குறைவு, ஆனால் வந்தால் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம் வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் இருந்ததைப் பந்து விளையாடி அடிபட்டது என்றே முதலில் நினைத்தார்கள், 1977-ல் புற்று என்று தெரிந்தது, 1981-ல் 36 வயதில் இறந்துபோனார். தோல் டாக்டர்கள் டெர்மோஸ்கோப் என்ற கைவிளக்கு லென்ஸால் பார்ப்போம். உள்ளங்கால் ரேகைகள் மேடும் பள்ளமுமாக ஓடும் அல்லவா, மச்சத்தின் கறுப்பு பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும், மெலனோமாவின் கறுப்பு மேட்டில் ஏறும். ஜப்பானிய மருத்துவர்கள் கண்டு சொன்ன வித்தியாசம் இது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு எடுத்துப் பயாப்சி. அதுவரை கால் ஆணி என்று யாரிடமும் பிளேடு போட்டுச் சீவிக்கொள்ளாதீர்கள், ஆசிட் வைக்காதீர்கள். மருதாணி, நெயில் பாலிஷ் எதுவும் இல்லாமல் போங்கள், இருபது நகங்களையும் சேர்த்தே பார்ப்பார்கள்.